பாட்டின்மேல் விழுந்த பழி

சங்கீதத்தைக் கேட்டுப் பசுவும் கன்றும் மெய்ம்மறந்து நிற்கும் என்றும், நாகமும் படம் எடுத்து ஆடும் என்றும் நாம் கேட்டிருக்கிறோம். ஒரு பாட்டைக் கேட்டதனால் மனிதர் கத்தி எடுத்துக் கொலைக்குப் புறப்பட்டார்கள் என்று கேட்டதுண்டா? அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நீதிமன்றம் ஒன்றில், 1970-ஆம் ஆண்டில் சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்து நின்று ஏறக்குறைய அப்படித்தான் வாதித்தார். பன்னிரண்டு ஜூரிகளும் அவர் கேட்ட தீர்ப்பையே அளித்தார்கள்.

அன்று முதல் அந்தப் பாட்டின்மேல் ஒரு பழி விழுந்தது. பாட்டைக் கட்டியவர்களோ கொலையாளிகளைக் கண்ணால் கண்டதும் இல்லை. இதற்கு மாறாக, கொலையாளிகளின் தலைவனோடு கூடியிருந்து, அவனுக்குச் சோறும் உறைவிடமும் கொடுத்து, அவன் கட்டிய பாட்டு ஒன்றை இசைத்தட்டில் ஏற்றிய பாடகர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொல்லுவோர் சிலரே. இந்த விருத்தாந்தத்தைச் சற்று நிதானமாய் ஆராய்ந்தால், பாட்டுக்கும் பாவத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது என்பது விளங்கும். பிள்ளைகள் கேட்கும் பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற பெற்றோர்களுக்கு அது பயன்படாமற் போகாது.

கடற்கரைப் பிள்ளைகள்

மின்சாரக் கிட்டார் முழங்க, டிரம் என்னும் தாள வாத்தியம் அதிர, இளைஞர் கூடிப் பாடும் ‘ராக்’ சங்கீதம் அமெரிக்காவில் 1950-களில் தோன்றியது. பத்து வருஷங்களுக்குள் அது உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அந்தச் சங்கீதத்தில் பேர்பெற்ற கோஷ்டிகளுள் ஒன்று ‘பீச் பாய்ஸ்’. கடற்கரைப் பிள்ளைகள் என்று நாம் சொல்லலாம். கலிபோர்னியா மாகாணத்தில் ஹாதோர்ன் என்னும் ஊரில் 1961-இல் இக்கோஷ்டி ஆரம்பமாயிற்று. பிரையன், டென்னிஸ், கார்ல் என்னும் வில்ஸன் சகோதரர் மூவரும், அவர்களுடைய உறவினர் மைக் லவ் என்பவரும், நண்பர் ஒருவருமாக ஐவர் அதில் சேர்ந்திருந்தனர்.

கடலலையின்மேல் பலகையிட்டுச் சறுக்கும் விளையாட்டு, வெயில், மோட்டார் வண்டி, இளமையின் களிப்பு ஆகியவையே அவர்கள் பாட்டுக்களின் பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலையைப் பற்றிப் பாடிய ஐவரில் உண்மையாகவே அலைமேல் ஏறி விளையாடத் தெரிந்தவர் டென்னிஸ் ஒருவர்தாம். கோஷ்டியில் டிரம் வாசித்தவரும் அவரே. 1944-இல் பிறந்த அவருக்கு இருபத்துமூன்று வயது ஆவதற்குள் பணமும் புகழும் வந்து குவிந்துவிட்டன. வந்ததை இரு கைகளாலும் வாரி இறைக்கும் சுபாவம் அவருடையது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

இரண்டு குருமார்கள்

அக்காலத்தில் மேனாட்டு இளைஞரிடையே ஒரு தாகம் பரவியிருந்தது. செல்வம் நிறைந்த வீட்டில் மனம் நிறையவில்லை என்று கண்டு, ஞானம் அருளும் குருவைத் தேடி அலைந்தார்கள். இங்கிலாந்தின் ‘பீட்டில்ஸ்’ என்னும் உலகப் பிரசித்தி பெற்ற நால்வர் கோஷ்டி, 1968-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நமது ரிஷிகேசத்துக்கு வந்து, மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கித் தியானம் பயின்றது. பீச் பாய்ஸ் கோஷ்டியின் மைக் லவ்வும் அச்சமயம் கங்கைக் கரைக்கு வந்து அவர்களுடன் இருந்தார். டென்னிஸும் மகரிஷியைச் சந்தித்துத் தியானத்தில் ஈடுபாடு கொண்டவரே.

அவ்வாண்டு வசந்த காலத்தில் ஒரு நாள், டென்னிஸ் காரில் போகையில், வழியில் நின்ற இரண்டு இளம் பெண்களை ஏற்றிக்கொண்டார். பேச்சு மகரிஷியைப் பற்றித் திரும்பியது. தங்களுக்கும் ஒரு குரு இருக்கிறார் என்றும், அவர் பெயர் சார்லி என்றும் அப்பெண்கள் சொன்னார்கள். டென்னிஸ் பிற்பாடு இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்குத் தாமே இதைச் சொல்லியிருக்கிறார்.

சில நாளில் அந்தக் குருவும் வந்து சேர்ந்தார். இசைத்தட்டு வேலை முடிந்து நள்ளிரவுக்குப் பின் டென்னிஸ் வீடு திரும்பியபோது, வீட்டினுள்ளிருந்து தாடி வைத்த குள்ளமான மனிதன் ஒருவன் வெளிப்பட்டான். டென்னிஸ் திகைத்தார், தமக்குத் தீங்கு செய்ய வந்தவனோ என்று அஞ்சிக் கேட்டார். அம்மனிதன் மண்டியிட்டு அவருடைய பாதங்களை முத்தமிட்டான். உள்ளே போய்ப் பார்த்தால் வீடு நிறைய அவனுடைய கூட்டம்! தம் வீட்டுக்குள் தாமே விருந்தாளியாக நுழைந்தார் டென்னிஸ் வில்ஸன்.

யார் இந்தக் குரு? சார்லஸ் மான்ஸன் என்பது அவன் முழுப் பெயர். 1934-இல் பிறந்தவன். சிறு வயது முதலே சீர்திருத்தப் பள்ளிகளிலும் சிறைகளிலுமாக, தன் ஆயுளில் பாதிக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவன். சிறையிலேதான் அவனுக்குக் கிட்டார் பயிற்சி கிடைத்தது. அல்வின் கார்ப்பிஸ் என்னும் பெயர்போன பழைய கொள்ளைக்காரன் அவனுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுத்தான். 1967 மார்ச்சு மாதம் விடுதலையான மான்ஸன் கிட்டாரும் கையுமாக ஊர் ஊராய்த் திரிந்தான். வீட்டை விட்டு வந்த பெண்களைக் கண்டு, அவர்கள் குறை கேட்டு, அவர்கள் ஆசைப்பட்ட மொழிகளைப் பேசி, ஒரு கூட்டம் சேர்த்தான். அதற்குக் ‘குடும்பம்’ என்று பெயர்.

தட்டில் ஏறிய பாட்டு

1968-ஆம் ஆண்டுக் கோடைக்காலம் முழுதும் அக்‘குடும்பம்’ டென்னிஸின் மாளிகையில் வாசம் செய்தது. உணவு, உடை, வைத்தியச் செலவு, உடைந்த கார் எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் டாலர் கரைந்தது என்பது கணக்கு. ஆனால் பணம் மட்டுமா போயிற்று? டெக்ஸஸ் மாகாணத்து இளைஞன் சார்லஸ் வாட்ஸன் என்பவன் ஒரு நாள் டென்னிஸைத் தன் வண்டியில் ஏற்றிவந்து வீட்டில் விட்டான். நன்றி தெரிவிக்கும் முறையில் டென்னிஸ் அவனை உள்ளே அழைத்தார். அவ்வீட்டில்தான் வாட்ஸன் மான்ஸனைக் கண்டான். அடுத்த ஆண்டு நடந்த கோரக் கொலைகளில் முன்னின்று கத்தி பிடித்தவன் அவனே.

மான்ஸனுக்கோ ஒரே ஆசை. தான் பெரிய பாடகனாக வேண்டும். தன் பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து உலகமெங்கும் ஒலிக்க வேண்டும். டென்னிஸ் அவனைத் தம் நண்பர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்வித்தார். நீல் யங் என்னும் புகழ்பெற்ற பாடகர்கூட அவன் பாடக் கேட்டு, இசைத்தட்டுக் கம்பெனித் தலைவர் ஒருவரிடம் அவனைப் பற்றிச் சொன்னதுண்டு. பிரையன் வில்ஸனின் வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவன் பாட்டுக்கள் சில பதிவாயின. எனினும் கம்பெனி எதுவும் அவனை ஏற்கவில்லை.

கடைசியில் மான்ஸனின் பாட்டு ஒன்றை டென்னிஸ் எடுத்துக்கொண்டார். சொற்களை மாற்றினார், தலைப்பையும் மாற்றினார். ‘நெவர் லேர்ன் நாட் டு லவ்’ என்ற பெயரில் 1968 டிசம்பரில் பீச் பாய்ஸ் தட்டு ஒன்றின் மறுபக்கத்தில் அது வெளிவந்தது. பாட்டை இயற்றியவர் என்று அச்சிட்டிருந்த பெயர் டென்னிஸ் வில்ஸனுடையது மட்டுமே. என் பெயரை வேண்டுமானால் மாற்று, என் சொல்லை மாற்றாதே என்பது மான்ஸனின் கொள்கையாம். அவனுக்கு வந்த கோபத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்குள் டென்னிஸுக்கு அச்சம் தட்டிவிட்டது. ஆனால் விருந்தாளிகளை வெளியேறச் சொல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. ஆகஸ்டு மாதத்திலேயே தாம் வேறிடம் சென்றுவிட்டு, அவர்களை வெளியேற்றும் பொறுப்பைத் தம் காரியஸ்தர் தலையில் கட்டினார்! ‘குடும்பம்’ ஊருக்கு வெளியே, பழைய ஸினிமாப் படங்களுக்காக அமைத்திருந்த ஸ்பான் பண்ணைக்குக் குடிபோயிற்று.

மூடிய கதவு

டென்னிஸின் நண்பர்களுள் டெரி மெல்ச்சர் என்பவர் ஒருவர். அவர் நடிகை டோரிஸ் டேயின் மகன். இசைத்தட்டுத் தயாரிப்பில் கெட்டிக்காரர். மான்ஸனின் நம்பிக்கையெல்லாம் அவர்மேலே இருந்தது. 1969 மே மாதம் மெல்ச்சர் பண்ணைக்குச் சென்று அவன் பாடியதைக் கேட்டார். கேட்டுவிட்டு, இது தமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிக்கொண்டார்.

மெல்ச்சர் முன்பு குடியிருந்த வீடு ஸீலோ டிரைவ் என்னும் மலைச்சரிவுத் தெருவில் இருந்தது. 1969 ஜனவரியில் அவர் அதைக் காலி செய்தார். அடுத்த மாதம் ஸினிமா டைரக்டர் ரோமன் போலன்ஸ்கியும், அவர் மனைவியான நடிகை ஷாரன் டேட்டும் அங்கே குடிவந்தனர். மெல்ச்சர் வீடு மாறியது மான்ஸனுக்குத் தெரிந்தே இருந்தது என்று பின்னால் விசாரணையில் சாட்சியம் வந்தது. ஆயினும் தன்னை உள்ளே விடாத பெரிய மனிதர் உலகத்துக்கு அந்த வீடே அவன் மனத்தில் அடையாளமாகிவிட்டது போலும்.

பதினைந்து நாட்கள்

முதலில் மாண்டவர் ஒரு சங்கீத உபாத்தியாயர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேரி ஹின்மன் என்பது அவர் பெயர், வயது முப்பத்துநான்கு. பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுக்கொடுத்து வாழ்ந்தவர். மான்ஸன் கூட்டத்தாருக்கு அறிமுகமானவர். அவர்கள் வந்தால் வீட்டில் இடம் கொடுப்பவர். பணம் கேட்டு வந்து அவரை அடைத்து வைத்துத் துன்புறுத்தி, 1969 ஜூலை 27-ஆம் தேதி கொன்றார்கள். கத்தியால் குத்தியவனும் கிட்டார் வாசிக்கும் ஓர் இளைஞனே. அடுத்த மாதம் 6-ஆம் தேதி அவன் பிடிபட்டான்.

ஆகஸ்டு 8-ஆம் தேதி இரவு, மான்ஸனின் ஏவலால் வாட்ஸனும் மூன்று பெண்களும் ஸீலோ டிரைவ் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஐவர் மாண்டனர். ஷாரன் டேட்டுக்கு வயது இருபத்தாறு, நிறை கர்ப்பிணி. நண்பர்களான ஜே ஸெப்ரிங், அபிகேல் போல்ஜர், வோய்சிக் பிரைகோவ்ஸ்கி மூவரும் அன்றிரவு அவ்வீட்டில் இருந்தவர்கள். ஐந்தாமவனான ஸ்டீவன் பேரன்ட் பதினெட்டு வயதுப் பையன். தோட்டத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் காண வந்து, திரும்பிப் போகும் வழியில் அகப்பட்டவன். மறுநாள் இரவு வேறொரு பகுதியில் லெனோ லாபியங்கா என்னும் வியாபாரியும் அவர் மனைவி ரோஸ்மேரியும் கொல்லப்பட்டனர். அவ்வீட்டுக் குளிர்ப்பெட்டியின்மேல், எழுத்துப் பிழையுடன், இரத்தத்தால் எழுதியிருந்த சொற்கள்: ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’.

சறுக்குமரமும் சண்டமாருதமும்

ஹெல்டர் ஸ்கெல்டர் என்பது யாது? இங்கிலாந்தில் திருவிழாக் காலங்களில் குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாடும் கோபுரம் போன்ற சுருள் சறுக்குமரம், அவ்வளவுதான். பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த பால் மக்கார்ட்னி, இயன்றவரை உரத்த ஆரவாரத்துடன் ஒரு பாட்டுச் செய்ய விரும்பி, அதற்கு அப்பெயரை வைத்தார். 1968 நவம்பரில், வெள்ளை அட்டையிட்டு வெளிவந்த இரட்டைத் தட்டில் அது இடம்பெற்றது. அத்தட்டிலுள்ள பாட்டுக்களிற் பல ரிஷிகேசத்தில் உருவானவை என்பது குறிப்பிடத்தக்கது.

மான்ஸன் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். கூட்டத்தாரையும் கேட்கச் செய்தான். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பெரும் போர் மூளப்போகிறது, அதுவே ஹெல்டர் ஸ்கெல்டர் என்று வியாக்கியானம் செய்தான். கிறிஸ்தவ வேதத்தின் இறுதிப் பகுதியில் வரும் நான்கு தேவதூதர்களே பீட்டில்ஸ் நால்வரும் என்றான். போர் நடக்கும்வரை தன் கூட்டம் பாலைவனத்தில் ஒளிந்திருக்கும், பிறகு வெளிவந்து உலகை ஆளும் என்றான். சறுக்குமரத்திலிருந்து எத்தனை பெரிய சண்டமாருதத்தைக் கிளப்பிவிட்டான், பாருங்கள்!

சர்க்கார் வக்கீல் வின்ஸென்ட் புக்லியோஸி, இந்த வியாக்கியானமே கொலைகளுக்கு நோக்கம் என்று கோர்ட்டில் எடுத்துக்காட்டினார். பழியைக் கறுப்பர்மேல் போட்டுப் போரைத் தொடங்கவே மான்ஸன் ஆளனுப்பினான் என்பது அவர் வாதம். 1971 ஜனவரி 25-ஆம் தேதி மான்ஸனும் மூன்று பெண்களும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. வாட்ஸன் தனியே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றான். முதலில் அனைவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1972-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அம்மாகாணத்து மரண தண்டனையைச் செல்லாதென்று கூறவே, அது ஆயுள் தண்டனையாக மாறியது. மான்ஸன் 2017 நவம்பரில் கைதியாகவே மாண்டான்.

தீர்ப்பு முடிந்தாலும் தர்க்கம் முடியவில்லை. ஹின்மன் கொலையில் பிடிபட்ட தோழனைத் தப்புவிக்கவே, அதே மாதிரியான கொலைகளைச் செய்து போலீஸைக் குழப்பப் பார்த்தார்கள் என்பர் சிலர். தன்னை ஏற்காத இசைத்தட்டு உலகத்தின்மேல் மான்ஸன் கொண்ட வஞ்சமே காரணம் என்பர் வேறு சிலர். புக்லியோஸியின் வாதத்தை மறுத்து 2019-இல்கூட ஒரு பெரிய புத்தகம் வெளிவந்தது. நோக்கம் எதுவாயினும் ஒன்று நிச்சயம். அதே தட்டை லட்சக்கணக்கான ஜனங்கள் வாங்கிக் கேட்டார்கள். அவர்களில் யாரும் கத்தியைத் தேடவில்லை. பாட்டுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று பீட்டில்ஸ் கோஷ்டியின் ஜான் லெனன் வியந்து கேட்டது நியாயமே.

பாடம் யாது?

அப்படியானால் பழி யாரைச் சேரும்? ஏவியவனையும் செய்தவர்களையும்தான். ஆனால் இளைஞர்களைப் பழக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இன்னொரு கேள்வி எழாமல் இராது. அந்தப் பிள்ளைகள் யார்? வாட்ஸன் பள்ளியில் நன்றாய்ப் படித்தவன், விளையாட்டு வீரன். தண்டனை பெற்ற பெண்களில் ஒருத்தி, பள்ளி விழாவில் இளவரசியாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவள். மற்றொருத்தி சமயப் பாடசாலையில் குழந்தைகளுக்குப் போதித்தவள். பாட்டு அவர்களைக் கெடுக்கவில்லை. பாட்டுக்கும் அவர்கள் செவிக்கும் நடுவே ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டு, இதன் பொருள் இதுதான் என்று சொன்னான். அதை மறுத்துக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்கிற்று. நம் பெரியோர் குருவின் பெருமையைச் சொன்ன அளவுக்குப் போலிக் குருவைப் பற்றியும் எச்சரித்திருக்கிறார்கள். சீடன் கேள்வி கேட்பதைப் பொறாதவன் குரு அல்லன்.

டென்னிஸைப் பற்றி என்ன சொல்வது? அவர் குற்றவாளி அல்லர். ஆயினும் விருந்தோம்பல் வேறு, விசாரியாமல் கதவைத் திறந்து வைப்பது வேறு. அபாயம் என்று உணர்ந்த பின், தம்மைக் காத்துக்கொண்டு ஒதுங்கினார். அந்நாட்களைப் பற்றிப் பிறகு பேசவும் அவர் விரும்பவில்லை. 1977-இல் தனியே ஓர் அரிய இசைத்தட்டு வெளியிட்டார். மதுவின் பிடியிலிருந்து அவர் மீளவில்லை. 1983 டிசம்பர் 28-ஆம் தேதி, முப்பத்தொன்பதாம் வயதில், நீரில் மூழ்கி இறந்தார். அலைமேல் விளையாடத் தெரிந்த ஒருவரைக் கடல் கொண்டது.

மான்ஸன் கேட்ட புகழோ அவனுக்குக் கிடைத்துவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்த 1970-லேயே அவன் பாட்டுக்கள் தட்டாக வெளிவந்தன. 1993-இல் ‘கன்ஸ் அண்ட் ரோஸஸ்’ என்னும் பெரிய ராக் கோஷ்டி அவன் பாட்டொன்றைப் பாடிற்று. நல்லோர் பலர் கண்டித்தனர். பாட்டின் ராயல்டிப் பணம் அவனுக்குப் போகாமல், கொலையுண்ட பிரைகோவ்ஸ்கியின் மகனுக்குச் சேரும்படி ஆயிற்று. அந்த மட்டும் நீதி நின்றது.

இறந்தவர்கள் பக்கமிருந்து எழுந்த குரல் ஒன்றும் உண்டு. ஷாரன் டேட்டின் தாய் டோரிஸ் டேட், பத்து வருஷத்துக்கு மேல் துக்கத்தில் முடங்கிக் கிடந்தார். 1982-இல், கொலையாளிகளில் ஒருத்தி விடுதலை பெறக்கூடும் என்று கேள்விப்பட்டதும் எழுந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டினார். கொலையுண்டவரின் உறவினர், குற்றவாளியை விடுவிக்கலாமா என்று விசாரிக்கும் சபையின் முன் வந்து தங்கள் இழப்பைச் சொல்ல அவ்வாண்டுக் கலிபோர்னியாச் சட்டம் இடம் கொடுத்தது. 1984-இல் அந்தத் தாய் வாட்ஸனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார். 1992-இல் தாம் இறக்கும்வரை, தம்மைப் போன்ற மற்றத் தாய்மாருக்காகவும் பாடுபட்டார்.

மான்ஸனின் பெயர் அறியாத அமெரிக்கர் இலர். கேரி ஹின்மன் என்ற சங்கீத உபாத்தியாயரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? பிள்ளைகளின் விரலைப் பிடித்து ஸ்வரம் பழக்கிய கை அவருடையது. சங்கீதத்துக்கும் இந்தக் கொலைகளுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பேச வேண்டுமானால், அவரிடமிருந்து தொடங்குவதே முறை.